எத்திராஜுலுவின் வாசகி

கும்மிடிப்பூண்டி கிளை நூலகத்தில் நாவல் அலமாரிக்கு எப்போதும் தள்ளுமுள்ளுதான். பஜார் பெண்களும், ஷிப்ட் முடித்துத் தூக்கம் வராமல் வருகிறவர்களும் காலையிலேயே நல்லதையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். கமர் நிஷா சமையலை முடித்து, மகள் முபீனாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து சேரும்போது அட்டை கிழிந்ததும் கடைசிப் பக்கம் போனதும்தான் மிஞ்சியிருக்கும். அப்படிக் கடைசிப் பக்கம் போன ஒரு துப்பறியும் நாவலை வாசித்து, கொலை செய்தது யாரென்றே தெரியாமல் தவித்துப் போன பிறகுதான் அவள் ஜன்னலோர அலமாரிப் பக்கம் திரும்பினாள். ‘கட்டுரை, அறிவியல், பொது’ என்று எழுதி ஒட்டியிருந்த அந்த அலமாரியில் பல்லி முட்டையிட்டிருந்தது.

அவள் பழவேற்காட்டுப் பெண். வாப்பா நண்டும் இறாலும் வாங்கி மெட்ராஸுக்கு ஏற்றி அனுப்பும் வியாபாரி. பத்தாவதோடு படிப்பை நிறுத்தி ஷாஹுலுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். ஷாஹுல் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டினான். பழைய இரும்பை உருக்கிக் கம்பி வார்க்கும் ஆலை அது. உலைக்கு மேலே தண்டவாளத்தில் ஓடும் கிரேனில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, பெரிய காந்தத்தால் இரும்பை அள்ளி உலைக்குள் போடுவது அவன் வேலை. பஜாருக்குப் பின்னால் அவர்கள் குடியிருந்த வீட்டு மாடியில் துணி காயப்போடும்போது அந்த ஆலையின் தகரக் கூரை தெரியும்.

ஜன்னலோர அலமாரியிலிருந்து எடுத்த முதல் புத்தகத்தை அவள் வேண்டா வெறுப்பாகத்தான் திறந்தாள். ஆலாடு கஜபதி என்பவர் ஏரிப் பறவைகளைப் பற்றி எழுதியது. இரண்டாம் பக்கத்திலேயே சிரித்துவிட்டாள். கரையில் ஒற்றைக் காலில் நிற்கும் நாரையை, பந்திக்குக் கூப்பிடட்டும் என்று காத்திருக்கும் சம்பந்தி வீட்டுப் பெரியவர் என்று எழுதியிருந்தார் மனிதர். பிறகு டாக்டர் மங்கையர்திலகம். தன்னிடம் வந்த நோயாளிகளைப் பற்றி எழுதுவார். எந்த நோயாளியையும் கேலி செய்ய மாட்டார். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவார். அந்தத் ‘தெரியாது’ கமர் நிஷாவுக்கு மிகவும் பிடித்திருந்தது. அவள் பார்த்த டாக்டர் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

மூன்றாவதாகக் கைக்கு வந்தவர்தான் எத்திராஜுலு.

இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து நடந்த இடங்களைப் போய்ப் பார்த்துவிட்டு வரும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கிணறு சரிந்தது, பாலம் விழுந்தது, பட்டாசுக் கொட்டகை எரிந்தது என்று எல்லாம் நடந்தவை. ஆனால் அவர் எழுத்தில் சத்தமே இருக்காது. ‘அன்றைக்குக் கொதிகலன்காரர் வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பு. அவருக்குப் பிடிக்காது. சாப்பிடாமலே கிளம்பினார்’ என்று ஆரம்பிப்பார். எதிரில் உட்கார்ந்து வெற்றிலை மென்றபடி சொல்கிற மாதிரி இருக்கும். ஒரு ஆணி கழன்றதைச் சொல்வார். அதைப் பார்த்தவர் பெயரைச் சொல்வார். பார்த்தவர் அப்புறம் தண்ணீர் குடிக்கப் போனதைச் சொல்வார். புத்தகத்தை மூடிவிடலாம் என்று தோன்றும். மூட முடியாது.

நூலகர் கெங்கம்மாளுக்கு இது ஆச்சரியம். “இன்னா பாயம்மா, இதப் போய் அஞ்சாவது தடவ எடுக்கிற? இதுல இன்னா கீது அப்படி?”

“கதைன்னா யாரு சாவணும்னு எழுதறவரு முடிவு பண்ணிக்கிறாரு மேடம். வேணாம்னா காப்பாத்திக்கலாம். இதுல யாரும் முடிவு பண்ணல. அதான் விட முடில.”

கெங்கம்மாள் தேதி முத்திரையைக் குத்திவிட்டு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

ஷாஹுலுக்கு வாசிக்கப் பொறுமை கிடையாது. ஆனால் கேட்பான். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்து அவன் சாப்பிட உட்காரும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பாள். கஜபதியை வாசித்தால் சோறு புரையேறச் சிரிப்பான். எத்திராஜுலுவை வாசித்தால் பிசைந்த சோறு தட்டிலேயே காயும். “அந்தாளு நம்ம கம்பெனில வேல பாத்தவரு மாதிரி எழுதறாரு நிஷா” என்பான். அதில் அவளுக்கு ஒரு பெருமை. தான் கண்டுபிடித்த எழுத்தாளர் புருஷனுக்கும் பிடித்துப்போனதில் வரும் பெருமை.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம். மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு விடாமல் அடித்தது. அந்த வாரம் கெங்கம்மாள் எத்திராஜுலுவின் புதிதாக வந்த புத்தகத்தை அவளுக்காகவே எடுத்து வைத்திருந்தாள். அதில் மூன்றாவது அத்தியாயத்தின் பெயர் ‘மூடிய பாத்திரம்’. வடக்கே ஏதோ ஓர் ஊரில் இரும்பு உருக்கும் ஆலை. அங்கேயும் மழைக்காலம். கப்பலில் வந்த பழைய இரும்பில் வாய் அடைத்த சிலிண்டர்கள், இரண்டு முனையும் நசுங்கி மூடிய குழாய்கள். உள்ளே காற்றோ தண்ணீரோ எண்ணெயோ எது இருந்தாலும் கொதிக்கும் இரும்புக்குள் அது விழுந்தால் வெளியே வர வழி தேடும். ‘வழி இல்லையென்றால் அது வழி உண்டாக்கிக்கொள்ளும்’ என்று எழுதியிருந்தார் எத்திராஜுலு. விபத்துக்கு முன்னால் பல நாட்களாகச் சின்னச் சின்ன வெடிச் சத்தங்கள் கேட்டன. ஒவ்வொன்றுக்கும் ஆலையில் எல்லோரும் ஒரு நொடி திரும்பிப் பார்த்தார்கள். பிறகு திரும்பிப் பார்ப்பதையும் விட்டுவிட்டார்கள்.

கமர் நிஷா அந்த வரியை வாசித்தபோது ஷாஹுல் கையைத் தட்டிலேயே கழுவிவிட்டான்.

“இன்னாங்க?”

“ஒண்ணுமில்ல. நீ படி.”

“இன்னான்னு சொல்லுங்க.”

அவன் சட்டையைத் தொட்டுக் காட்டினான். தோள்பட்டையில் பொட்டுப் பொட்டாகக் கருகிய ஓட்டைகள். “கூண்டு ஜன்னல் வழியா தெறிச்சி வருது. முன்னல்லாம் எப்பயாவது வரும். இப்ப ஹார்பர்லருந்து புது லோடு வந்துக்கினு கீது. எந்த நாட்டு இரும்போ தெர்ல. குண்டு குண்டா, வாய் மூடினதுங்க நெறைய. மழைல வேற ஊறிப் போயி கீது. உள்ள போட்டா டொப்புனு ஒரு சத்தம். கூரைத் தகட்டுல ஓட்டை வுழுந்து மழைத் தண்ணி உள்ள ஒழுகுது.”

“யார்கிட்டயும் சொல்லலியா?”

“சூப்பர்வைசரு மணவாளன்கிட்ட சொன்னேன். பட்டாசு வெடிச்சா பயப்படுவியா பாய்னு சிரிச்சாரு.”

எத்திராஜுலுவின் புத்தகங்களில் ஒவ்வொரு விபத்திலும் ஒருவர் முன்கூட்டியே பார்த்திருப்பார். அவர் இன்னொருவரிடம் சொல்லியிருப்பார். கேட்டவர் சிரித்திருப்பார். கமர் நிஷாவுக்கு அது மனப்பாடம். அடுக்களையில் பாத்திரம் துலக்கப் போனவள் ஒரே தட்டைத் திரும்பத் திரும்பத் துலக்கினாள். இத்தனை நாள் புத்தகத்துக்குள் பார்த்த பயம் எழுந்து வந்து வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டது போலிருந்தது.

மறுநாளிலிருந்து மாடியில் துணி காயப்போடும்போது அவளுக்கு அந்தச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. முன்பும் கேட்டிருக்கும். லாரிச் சத்தத்தோடு சத்தமாக விட்டிருப்பாள். டொப். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி அடுத்ததற்குக் காத்து நிற்பாள். ஷாஹுல் வேலைக்குக் கிளம்பும்போது வாசல்வரை போய், அவன் சைக்கிள் ரயில்வே கேட்டைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். “வேலைய வுட்டுடுங்க” என்று ஒரு நாள் சொன்னாள். “வுட்டுட்டு? நண்டு பிடிக்கவா?” என்றான் அவன். கோபமாகச் சொல்லவில்லை.

அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதியவரின் முகவரி இருந்தது. செவ்வாப்பேட்டை. ஒரு வியாழக்கிழமை அவள் முபீனாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ரயில் ஏறினாள். சென்ட்ரலில் இறங்கி, திருவள்ளூர் வண்டி மாறி, செவ்வாப்பேட்டையில் இறங்கும்போது மழை தூறிக்கொண்டிருந்தது. பிடித்த எழுத்தாளரைப் பார்க்கப் போகிறோம் என்கிற படபடப்பு அந்தப் பயத்துக்கு நடுவிலும் இருந்தது. அது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

எத்திராஜுலு உயரமாக, கம்பீரமாக இருப்பார் என்று நினைத்திருந்தாள். கதவைத் திறந்தவர் ஒல்லியாக, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு ஜலதோஷத்தோடு இருந்தார். வாசகி என்று சொன்னதும் முகம் மலர்ந்துபோனது. நாற்காலியைத் துடைத்துப் போட்டார். எந்தப் புத்தகம், எந்த அத்தியாயம் என்று கேட்டார். அவள் கத்தரிக்காய்க் குழம்பைச் சொன்னதும் குழந்தை மாதிரி சிரித்தார். “அது அவர் சம்சாரம் சொன்னதும்மா. மூணு தடவ போய் உக்காந்து கேட்ட அப்புறம்தான் சொன்னாங்க. சாப்பாட்டப் பத்திக் கேட்டா எல்லாரும் பேசுவாங்க. விபத்தப் பத்திக் கேட்டா வாய மூடிக்குவாங்க.”

பிறகு அவள் வந்த விஷயத்தைச் சொன்னாள். சிலிண்டர், மழை, ஓட்டை விழுந்த கூரை, மணவாளனின் சிரிப்பு எல்லாம். சொல்லச் சொல்ல அவர் முகத்திலிருந்த வெளிச்சம் மெல்ல மங்கியது.

“நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லணும் சார். நீங்க எழுதினவரு. நீங்க சொன்னா கேப்பாங்க.”

“என்ன யாரும்மா கேப்பாங்க?” அவர் கையைப் பிசைந்தார். “ஃபேக்டரி இன்ஸ்பெக்டருக்கு மனு எழுதிப் போடுங்க.”

“உங்க புக்குல மனு போட்டவங்க கீறாங்க சார். பாலத்துல ஒருத்தரு, கொட்டகைல ஒருத்தரு. அந்த மனு கடைசில எங்க தூங்கிக்கினு இருந்துச்சுன்னு நீங்களே எழுதிக்கிறீங்க.”

மழை வலுத்தது. “நான் எல்லாம் முடிஞ்சப்புறம் போறவன்மா” என்றார் கடைசியில். “எல்லாரும் என்கிட்ட நடந்தப்புறம்தான் பேசியிருக்காங்க. நடக்கறதுக்கு முன்னாடி யாரும் வந்து என் எதிர்ல உக்காந்தது இல்ல. என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல.”

திரும்பி வரும் ரயிலில் அவளுக்கு அழுகை வந்தது. அவர் மேல் கோபம் என்றும் சொல்ல முடியாது. அவர் தெரியாததைத் தெரியாது என்றுதான் சொன்னார். அதைத்தானே அந்த டாக்டரின் எழுத்தில் ரசித்தாள். கவரைப்பேட்டை தாண்டும்போது புகைபோக்கிகள் மழைக்குள் மங்கலாக நின்றன. கேட்டவர் சிரித்தார், அதோடு சொன்னவர் நிறுத்திக்கொண்டார் என்றுதான் எல்லா அத்தியாயத்திலும் வரும் என்று அப்போது அவளுக்குத் தோன்றியது. நிறுத்தாமல் இருந்தால்?

ஆலையின் பின்பக்கக் கேட்டுக்கு வெளியே ஒரு வேப்பமரம். உள்ளே பழைய இரும்பைப் பிரித்துப் போடும் பெண்கள் மத்தியானச் சோற்றை அங்கே வந்து சாப்பிடுவார்கள். அஞ்சம்மாள் என்பவள் அவர்களுக்குப் பெரியவள் மாதிரி. கமர் நிஷா புத்தகத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போய் அவர்கள் நடுவில் உட்கார்ந்தாள்.

“இன்னா பாயம்மா, இங்க வந்துக்கிற?”

“ஒரு கத படிக்கிறேன், கேக்கிறீங்களா?”

“படத்துக்குப் போற மாதிரி கீது. படி.”

அவள் ‘மூடிய பாத்திரம்’ முழுவதையும் வாசித்தாள். முதலில் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. அந்த வடக்கத்தி ஊரில் இரும்பு பொறுக்கும் ஒரு பெண், வாய் அடைத்த சிலிண்டரைக் குழந்தை மாதிரி இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்க் குவியலில் போட்டாள் என்ற இடம் வந்தபோது எல்லோரும் அடங்கிவிட்டார்கள். அஞ்சம்மாளின் இடது பக்கத்துப் புடவை இரும்புத் துருவால் செம்மண் நிறத்தில் கறை படிந்திருந்தது. அவள் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

“அந்தப் பொம்பள இன்னா ஆனா?”

“அவ தப்பிச்சுக்கினா. உள்ள இருந்தவங்கதான் போயிட்டாங்க. அவ அப்புறம் வேலைக்கே போகலயாம். அவளத் தேடிக்கினு போயிக் கேட்டு எழுதிக்கிறாரு.”

“கேக்க நல்லாத்தான் கீது” என்றாள் அஞ்சம்மாள். “வவுத்த கலக்குது.”

அன்று மத்தியானத்திலிருந்து அவர்கள் மூடியவற்றையெல்லாம் தனியாக எடுத்துக் காம்பவுண்டுச் சுவரோரம் போட ஆரம்பித்தார்கள். யாரும் சொல்லவில்லை, யாரையும் கேட்கவில்லை. சுவரோரக் குவியல் வளர்ந்தது. ஷாஹுல் சாயங்காலம் வந்து சொன்னான், “சத்தம் கொறஞ்சிருக்குது நிஷா.” ஒரு சில நாட்கள் அவள் மாடியில் நின்று துணியைப் பிழிந்து நிம்மதியாகக் காயப்போட்டாள். எத்திராஜுலுவுக்கு இதைப் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

மணவாளன் பார்க்காமல் எத்தனை நாள் இருப்பான்? ஒரு நாள் சுவர்ப்பக்கம் போனவன் குவியலைப் பார்த்துவிட்டான். அதன் எடை அவ்வளவும் ஆலைக்கு நஷ்டம் என்று கத்தினான். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டான். “பாயம்மா படிச்சுக் காமிச்சாங்க, புக்குல போட்டுக்குது” என்றாள் அஞ்சம்மாள் வெள்ளந்தியாக. அவளையும் இன்னும் ஒருத்தியையும் அப்போதே வெளியே அனுப்பிவிட்டான். ஷாஹுலைக் கூண்டிலிருந்து இறக்கி, “உன் பொண்டாட்டிய ஊட்டுல சமையல் பண்ணச் சொல்லு. கேட்டாண்ட வந்தா உனக்கும் வேல கெடையாது” என்றான். ஞாயிற்றுக்கிழமை லோடர் வண்டி வந்து சுவரோரக் குவியலை அப்படியே அள்ளி மற்ற இரும்போடு கலந்துவிட்டது. பிறகு மூன்று நாள் அடைமழை. எது எங்கே கிடக்கிறது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

ரம்ஜான் முடிந்து சில வாரம் ஆகியிருந்தது. புதன்கிழமை. ஷாஹுல் காலை ஷிப்ட். காந்தத்தில் அள்ளிய சுமை உலைக்கு மேலே வந்து நின்றபோது, துருப்பிடித்த தகடுகளுக்கு நடுவில் பச்சைப் பெயின்ட் அடித்த உருண்டையான ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தான். கிரேனை நிறுத்தினான். கீழேயிருந்து மணவாளன் கையை ஆட்டினான், போடு என்று. ஷாஹுல் போடவில்லை. காந்தத்தை அப்படியே பின்னால் நகர்த்தி, கொட்டகை ஓரத்துக்குக் கொண்டுபோய், அதற்கு வரும் மின்சாரத்தை நிறுத்தினான். சுமை தரையில் விழுந்து உருண்டது. இறங்கி வந்தான். மணவாளன் அவன் சட்டையைப் பிடித்தான். “இறங்கிட்டல்ல? அப்படியே போயிடு. நாளைக்கு வராத.”

மத்தியானத்துக்கு முன்னாலேயே சைக்கிள் மணி கேட்டு கமர் நிஷா வாசலுக்கு ஓடினாள். அவன் முழுக்க நனைந்து நின்றான்.

“வேல போச்சு நிஷா.”

அவளுக்கு வந்தது சந்தோஷம். மூச்சு முட்டுகிற சந்தோஷம். துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிவிட்டாள். அவன் வெறித்துக்கொண்டிருந்தான், அவளோ வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி சோற்றை வடித்தாள்.

“எனக்குப் பதிலா யாரு?” என்று அவன் தனக்குத்தானே சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது.

“இன்னாது?”

“கிரேனுக்கு. சின்னதுரையத்தான் ஆள் வுட்டுக் கூப்புடுவாங்க. அவனுக்கு இன்னிக்கு லீவு.”

சின்னதுரை மற்றொரு ஆபரேட்டர். ஊருக்கு வெளியே வயல் பக்கத்தில் வீடு. போன மாதம்தான் மகள் காது குத்துக்கு இவர்களைக் கூப்பிட்டு, தனியாகக் கோழி அறுத்துச் சமைத்துப் போட்டிருந்தான்.

“போன் பண்ணிச் சொல்லுங்க. போக வேணாம்னு சொல்லுங்க.”

பஜாரில் எஸ்.டி.டி. பூத்துக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மழையில் ஓடினார்கள். சின்னதுரையின் பக்கத்து வீட்டில்தான் போன் இருந்தது. எடுத்தவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார், “இப்பத்தான் கெளம்பிப் போனாரு. கம்பெனி வண்டி வந்துச்சு.” ஷாஹுல் சைக்கிளைத் திருப்பினான். அவள் பின்னால் கேரியரைப் பிடித்து இழுத்தாள். எதற்கு இழுத்தாள் என்று பிறகு பல வருஷம் யோசித்தாள். “நீங்க போவாதீங்க” என்று கத்தினாள். அவன் உதறிவிட்டுப் போனான்.

அவன் ரயில்வே கேட்டில் நின்றான். சரக்கு வண்டி ஒன்று நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசிப் பெட்டி தாண்டுவதற்குள் சத்தம் வந்தது. டொப் இல்லை. பஜாரில் கடைகளின் ஷட்டர்கள் அதிர்ந்தன. காய்கறித் தட்டிலிருந்து தக்காளி உருண்டது. எல்லோரும் வெளியே வந்து வானத்தைப் பார்த்தார்கள், இடி என்று. ஆலைப் பக்கம் கூரைத் தகடு ஒன்று காகிதம் மாதிரி மேலே போய், திரும்பி, மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

சின்னதுரையும், உலைப் பக்கம் நின்ற இரண்டு ஒடிசாக்காரர்களும், மணவாளனும் போய்விட்டார்கள். பிரித்துப் போடும் பெண்கள் மழைக்கு ஒதுங்கி மரத்தடியில் இருந்ததால் தப்பித்தார்கள். ஷாஹுல் கரும்புகைக்குள் நுழைந்து கூண்டுக்கு ஏறும் ஏணியைத் தேடினான். ஏணி இல்லை.

அதன்பின் அவன் பேசுவதே குறைந்துவிட்டது. “அந்த பச்ச உருண்டையத் தரையில போட்டது நான். அதையேதான் மறுபடியும் அள்ளினாங்களோ?” என்று ஒரே ஒரு தடவை கேட்டான். அது யாருக்கும் தெரியாது. எந்த விசாரணையிலும் தெரிய வரவில்லை. ஆலை மூடப்பட்டு, அடுத்த வருஷம் வேறு பெயர்ப் பலகையோடு திறந்தது. அஞ்சம்மாள் மறுபடி அங்கேயே வேலைக்குப் போனாள். ஷாஹுல் போகவில்லை. பொன்னேரிக்கும் பழவேற்காட்டுக்கும் இடையில் லோடு ஆட்டோ ஓட்டினான்.

மழை ஓய்ந்த தை மாதம் எத்திராஜுலு வந்தார். கையில் குடை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, “உள்ள வரலாமாம்மா?” என்று கேட்டார். அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று கமர் நிஷாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஷாஹுல் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டான்.

“அன்னிக்கு நான் உங்ககூட வந்திருக்கலாம்” என்றார்.

“வந்திருந்தா உங்களப் பாத்தும் சிரிச்சிருப்பாரு சார்.”

“இருக்கலாம். ஆனா வந்திருக்கலாம்.”

அவர் உட்கார்ந்திருந்தார். எதுவும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார் என்று அவளுக்குத் தெரியும், அடுத்த கேள்வி எதுவென்றும் தெரியும். அதனால் அவளே சொன்னாள். மரத்தடியில் வாசித்தது, அஞ்சம்மாள் புடவையைப் பார்த்துக்கொண்டது, புருஷன் வேலை போய் வந்து நின்றபோது தான் பாட்டு முணுமுணுத்தது, சைக்கிளைப் பிடித்து இழுத்தது. “இத்த எழுதுங்க. அவரு ஊட்டுக்கு வந்தப்ப எனக்கு சந்தோஷமா இருந்துச்சுன்னு எழுதுங்க. அவருக்குப் பதிலா யாரு போவாங்கன்னு அப்ப நான் நெனச்சிக்கூடப் பாக்கல.” எத்திராஜுலு பேனாவை எடுக்கவே இல்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து போனார்.

புத்தகம் வர இரண்டு வருஷம் ஆனது. கிளை நூலகத்தில் அதற்கு இருந்த கூட்டத்தை அதுவரை எந்த நாவலுக்கும் கெங்கம்மாள் பார்த்ததில்லை. சொந்த ஊர் அச்சில் வந்திருக்கிறதென்று ஆளாளுக்குக் கேட்டு வந்தார்கள். கமர் நிஷா கேட்கவில்லை. எத்திராஜுலுவை வாசிப்பதையே அவள் விட்டிருந்தாள். கஜபதியின் நாரைகளோடு அவளுக்குப் பொழுது போனது. அதுவும் முன்போல் சிரிப்பு வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னதுரையின் மனைவி பூமிகா வந்தாள். கையில் அந்தப் புத்தகம். உட்காரச் சொன்னதும் உட்காராமல் நீட்டினாள்.

“அக்கா, நீங்க படிச்சா எல்லாரும் கேப்பாங்கன்னு அஞ்சம்மா சொல்லுச்சு. எனக்குப் படிக்கத் தெரியும். தனியா படிக்கத்தான் முடில.”

இந்தப் பெண்ணிடம் சைக்கிளை இழுத்ததைக் கமர் நிஷா இதுவரை சொன்னதில்லை. புத்தகத்தில் அது இருக்கும். எத்திராஜுலு எதையும் விடமாட்டார். வாசித்தால் அதைத் தன் வாயாலேயே இவளுக்குச் சொன்னதாகிவிடும்.

“கஷ்டமா இருக்கும் பூமிகா.”

“தெரியும்க்கா. படிங்க.”

அவள் வாசித்தாள். பின்கட்டிலிருந்து ஷாஹுல் வந்து கதவோரம் நின்றான். எத்திராஜுலு நன்றாகத்தான் எழுதியிருந்தார். அதுதான் தாங்க முடியவில்லை. சின்னதுரை கம்பெனி வண்டியில் ஏறப் போனவன் திரும்பி வந்து மகளின் காதுத் தோட்டைச் சரிசெய்துவிட்டுப் போனதை எழுதியிருந்தார். சோறு வடிக்கும்போது முணுமுணுத்த பாட்டை எழுதியிருந்தார். சைக்கிள் கேரியரை எழுதியிருந்தார். அந்த இடத்தில் கமர் நிஷா விரலை வரியில் வைத்தபடி நிறுத்திவிட்டாள். பூமிகா அவள் முழங்கை மேல் கையை வைத்தாள். எடுக்கவில்லை.

“நானா இருந்தாலும் இழுத்திருப்பேன்க்கா. மேல படிங்க.”

‘அன்றைக்குச் சின்னதுரை நீலச் சட்டை போட்டிருந்தார்’ என்று அடுத்த வரி.

“மஞ்சா” என்றாள் பூமிகா.

கமர் நிஷா நிமிர்ந்தாள்.

“நீலம் இல்லக்கா. மஞ்சா சட்ட. மொத நாளு நான்தான் தொவச்சேன், மழைல காயவே இல்ல. ஈரத்தோடதான் போட்டுக்கினு போனாரு. புக்கு எழுதினவரு வந்து என்னக் கேட்டப்ப நான் பேசல. அதான் வேற யாரையோ கேட்டு எழுதிட்டாரு.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். “நீங்க மஞ்சான்னே படிங்க.”

கமர் நிஷா அந்த வரியை மறுபடி ஆரம்பித்து, மஞ்சள் சட்டை என்று வாசித்தாள்.